பழைய கடவுச்சொல்லும் பழியேற்கும் மாந்தரும்

மக்கள் கூடி வாழும் இடமெல்லாம் உரியாரை உள்ளே விடுதற்கும் உரியரல்லாரைப் புறத்தே நிறுத்துதற்கும் ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டப்படுகின்றது. அவ்வடையாளம் முகமாதலும் உண்டு, முத்திரையாதலும் உண்டு, சொல்லாதலும் உண்டு. இம்மூன்றனுள் சொல்லே எளிது. அதனைக் கொண்டுசெல்லப் பையும் வேண்டா, பேழையும் வேண்டா, நெஞ்சொன்றே போதும். திருமறையில் நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்திற் கூறப்படும் வரலாறு நம் அன்பர் பலரும் அறிந்ததே. யோர்தானின் துறைகளைக் காத்துநின்ற கீலேயாத்தியர், கடக்க வந்தாரை 'ஷிபோலேத்' என்னுஞ் சொல்லைச் சொல்லுமாறு பணித்தனர். அதனைச் 'சிபோலேத்' எனப் பிறழ உச்சரித்த எப்பிராயீமர் அத்துறையிலேயே மடிந்தனர். அக்காலத்தில் எப்பிராயீமரில் மாண்டோர் 42,000 பேர் என்பது ஆகமம் கூறுங் கணக்கு.

நம் காலத்திற் கணினியின் வாயிலில் அத்துணைக் கொடுமை நிகழ்வதில்லை. ஆயினும், சொல் பிறழ்ந்தமையால் உரியவரே தம் வாயிலில் மறுக்கப்பட்டு நிற்றல் நாள்தோறும் நிகழ்கின்றது. அதனினும் வியப்பு யாதெனின், பிறழ்ந்த சொல்லைச் சொன்னவர் அவரல்லர். அவர்பொருட்டு அவருடைய கணினி சொல்லியது. பழி மட்டும் அவர்மேற் சார்த்தப்படுகின்றது. இம்முறைகேட்டைக் குறித்தே ஈண்டுச் சில எழுதப் புகுந்தாம். தமிழ் பயில்வார் கணினியைப்பற்றி எழுதுதல் எற்றுக்கென வினவுவாரும் உளராகலாம். ஒரு சொல் யாருடையது, அதனைச் சொன்னவர் யார், அதன் காலம் சென்றதோ நின்றதோ என்பனவே இப்பொருளின் உயிர்நிலை. இவை மொழி பயில்வார்க்குப் புறம்பான கேள்விகள் அல்ல என்பது எம் கருத்து.

முதற்கண் பொருளை விளக்குவோம். 'ரிமோட் டெஸ்க்டாப்' என வழங்குவது, ஓரிடத்திலுள்ள கணினியை மற்றோரிடத்திலிருந்து இயக்கும் முறையாம். தொலைவிலுள்ள கணினியின் திரை நம் கண்முன்னே தோன்றும். நம் விசைப்பலகையில் நாம் தட்டுவது ஆண்டுச் சென்று எழுத்தாகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் இவ்வசதியை அளித்தனர். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மேசைக் கணினிகளுக்கும் நல்கினர். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின்பொருட்டு உலகெங்கும் அலுவலகங்களும் கல்விக்கழகங்களும் கதவடைத்தபோது, வீட்டிலிருந்தவாறே தத்தம் பணியைச் செய்தற்கு எண்ணிறந்த மக்கள் இம்முறையையே துணைக்கொண்டனர். கணக்கெழுதுவோர், மென்பொருள் வல்லுநர், நூலகத்தார், ஆய்வு மாணவர் எனப் பலதிறத்தாரும் இன்றும் அதனைக் கையாளுகின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் இவ்வாயில் வழியாகவே நாள்தோறும் பணிக்குச் செல்வார் பலர் இருத்தல் கூடும். இன்னோர்க்கு இக்கதவு திறவாதாயின், அன்றைய பணி இல்லை. சிலர்க்கு அன்றைய கூலியும் இல்லை.

இனி, கதவு திறவாமைக்குரிய காரணங்களுள் அடிக்கடி நேர்வதாகிய ஒன்றனைக் காண்போம். முதன்முறை தொலைக்கணினியோடு தொடர்பு கொள்ளுங்கால், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். 'என்னை நினைவிற் கொள்க' என்னும் பொருள்பட ஒரு சிறு கட்டம் அருகே இருக்கும். அதனைத் தொட்டுவிட்டால், கையிலுள்ள கணினி அவ்விரண்டனையும் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்னுந் தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை நாம் ஒன்றுந் தட்டவேண்டுவதில்லை. பெட்டகத்திலுள்ள சொல் தானே அனுப்பப்படும். இது நன்மையே. ஆனால் அப்பெட்டகத்தார்க்கு ஒரு குறை உண்டு. தொலைவிலுள்ள வாயிலில் சொல் மாற்றப்பட்டதென்னுஞ் செய்தி அவர்க்கு எட்டுவதில்லை. ஊர் மாறிச்சென்ற உறவினர்க்குப் பழைய விலாசத்துக்கே கடிதம் எழுதும் முதியவரைப்போல, அப்பெட்டகம் பழைய சொல்லையே மீட்டும் மீட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

முற்காலத்து முறையிலாயின் இதன் இடர் சிறிது. அப்போது தொலைக்கணினியின் வாயிற்றிரை முதலிலே தோன்றும். அதன்பின்னரே சொல் ஆராயப்படும். விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் சர்வர் 2008 ஆகியவற்றின் காலமுதல் 'நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்' என்னும் முறை புகுந்தது. அம்முறையில், திரை தோன்றுதற்கு முன்னரே அடையாளம் ஆராயப்படுகின்றது. கள்வரைத் தெருவிலேயே நிறுத்துதற்கு இஃது ஏற்ற முறையே. இதனை யாம் குறைகூறவில்லை. ஆயினும் விளைவு யாதெனின், மனிதர் ஒன்றைக் காணுமுன்னரே, ஒரு சொல் தட்டுமுன்னரே, பெட்டகம் பழஞ்சொல்லைக் கூறி மறுப்பும் பெற்றுவிடுகின்றது. கடவுச்சொல்லின் காலவெல்லை முற்றும் முடிந்துவிட்டதாயின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. அச்சொல்லை மாற்றிக்கொள்ளும் இடம் உள்ளே இருக்கின்றது. உள்ளே செல்லவோ காலங்கடவாத சொல் வேண்டும். வேறொரு வழியாகச் சென்று மாற்றினாலன்றி அவர்க்குப் போக்கில்லை.

இந்நிலையிற் கணினி கூறும் மறுமொழியைச் சிறிது ஆராய்வோம். 'உம்முடைய சான்றுகள் செல்லவில்லை. புதிய சான்றுகளைத் தருக' என்னும் பொருள்பட அது கூறுகின்றது. இவ்வாக்கியத்தின் குறை யாது? இலக்கணம் பயின்றார்க்கு உடனே விளங்கும், வினைமுதல் மறைந்துள்ளது. அனுப்பியவர் யார்? எப்போது சேமித்த சொல் அது? இவற்றுள் ஒன்றும் கூறப்படவில்லை. 'நும் கணினி முன்னொருநாள் சேமித்த சொல்லை யாம் அனுப்பினோம். அஃது ஏற்கப்படவில்லை' எனக் கூறியிருப்பின், பள்ளிச் சிறுவனும் செய்யவேண்டுவதை அறிவான். மறுத்ததன் காரணத்தை விரித்துரைத்தால் கள்வர்க்கு அது துணையாகும் என்பர் சிலர். தொலைக்கணினி விரித்துரைத்தல் தகாது என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆனால் சொல்லை அனுப்பியது கையிலுள்ள கணினி. தான் செய்ததைத் தன் உடையவர்க்கே உரைத்தலில் என்ன இரகசியம் உடைபடும்? தொடர்பு கொள்ளுஞ் சாளரத்தின் ஓரத்தில், சேமித்த சான்றுகளே பயன்படுத்தப்படும் என்னுங் குறிப்பு சிற்றெழுத்தில் இருப்பது உண்மை. வேண்டுவது, இடர் நேர்ந்த அவ்விடத்திலேயே அதனைக் கூறுதல்.

சொல் மறுக்கப்படுதலோடு துன்பம் நின்றுவிடுமாயின் நன்று. அஃது அவ்வாறு நிற்பதில்லை. தவறான சொல் பன்முறை வந்தால் கணக்கையே சிறிதுபொழுது பூட்டிவிடும் ஏற்பாடு பல அலுவலகங்களில் உண்டு. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதற்கொண்ட திருத்தங்களோடு புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11 கணினிகளில், 10 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டப்படும் என்பது இயல்பான அமைப்பாக்கப்பட்டது. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எய்து பார்க்குங் கள்வரைத் தடுத்தற்கு இது தக்கதே. ஆனால் பழைய சொல்லை வைத்திருப்பது ஒரு பெட்டகம் மட்டுமன்று. கைப்பேசியின் அஞ்சற்செயலி ஒன்று வைத்திருக்கும். குறித்த நேரத்தில் தானே இயங்குமாறு அமைத்த வேலை ஒன்று வைத்திருக்கும். வலைப்பின்னலில் இணைத்த சேமிப்புத்தட்டு ஒன்று வைத்திருக்கும். விடைபெறாது சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்த பழைய அமர்வு ஒன்று வேறொரு கணினியிற் கிடக்கும். இவை ஓயாது பழஞ்சொல்லையே கூறும். உடையவரோ புதிய சொல்லைப் பிழையின்றித் தட்டுவார். அப்போதும் கதவு திறவாது. என்னை? கணக்கு முன்னரே பூட்டப்பட்டுவிட்டது.

ஈண்டு ஒரு நுட்பம் அறியற்பாலது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் இத்துன்பத்தை அறியாதாரல்லர். அலுவலகக் கணினிகளை ஒருங்கே ஆளும் அவர்தம் முறையில், வந்த தவறான சொல் அண்மையில் நீக்கப்பட்ட இரண்டு சொற்களுள் ஒன்றாயின், அது தவறுகளின் எண்ணிக்கையிற் சேர்க்கப்படுவதில்லை. பழைய சொல்லைக் கூறுவது கள்வரன்று, மறதியுள்ள பெட்டகம் எனக் கருதிக் காட்டிய சலுகை அது. மூன்றாம் பழஞ்சொல்லுக்கோ அச்சலுகை இல்லை. 90 நாட்களுக்கொருமுறை சொல்லை மாற்றுவிக்கும் அலுவலகத்தில், முதன்மாற்றத்தினின்று 180 நாட்கள் சென்றபின் வரும் மூன்றாம் மாற்றத்தோடு அப்பழஞ்சொல் சலுகையை இழக்கின்றது. அடிக்கடி மாற்றுமாறு வற்புறுத்துந்தோறும் அச்சலுகையின் காலம் குறுகுகின்றது என்பதை அன்பர் மனத்திற் கொள்வாராக.

இதற்கு நேர்மாறான நிலையும் ஒன்றுண்டு. வீட்டுக் கணினியில் மைக்ரோசாப்ட் கணக்கினாற் புகுவோர் பலர், நாள்தோறும் தட்டுவது சில இலக்கங்களாலாகிய பின் எண்ணையே. கடவுச்சொல்லை இணையத்தின் வாயிலாக மாற்றிவிட்டு, அதன்பின் அக்கணினியிற் புதிய சொல்லால் ஒருமுறையேனும் புகாதிருப்பின், அக்கணினி பழைய சொல்லையே தன் நினைவில் வைத்திருத்தல் கூடும். அப்பொழுது தொலைவிலிருந்து வருபவர் புதிய சொல்லைக் கூறின் மறுக்கப்படுவார். பழைய சொல்லைக் கூறின் ஏற்கப்படுவார். 2025-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒருவர் இதனை வெளிப்படுத்தியபோது, கணினியிற் புகுதற்கு ஏதேனும் ஒரு கணக்கு எஞ்சியிருத்தற்காகவே இவ்வாறு அமைத்தோம் என மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விடைகூறினர். அவ்விடை எமக்கு அமைதி தருவதாயில்லை. சொல் திருடப்பட்டதென்று அஞ்சி மாற்றியவர், திருடப்பட்ட அச்சொல்லே இன்னும் தம் கதவைத் திறக்கும் என்பதை எங்ஙனம் அறிவார்? பழஞ்சொல் உடையவரைத் தடுப்பது இடையூறு. கள்வரை விடுவது ஆபத்து. இரண்டற்கும் வேர் ஒன்றே. மாற்றம் நிகழ்ந்தது, அறியவேண்டுவார் அனைவர்க்கும் அஃது அறிவிக்கப்படவில்லை.

நிற்க. குறையைக் கூறிவிட்டுப் பரிகாரத்தைக் கூறாதொழிதல் முறையன்று. ஆதலின், இடர்ப்பட்டவர் செய்யத்தக்கவற்றை வரிசைப்படக் கூறுவோம். இவ்வரிசையே முக்கியம், முன்பின்னாகச் செய்தால் கணக்குப் பூட்டப்படுதலே பயனாகும்.

முதலாவது, மறுப்பு வந்தவுடன் மீட்டும் மீட்டும் முயலாது நிறுத்துக. அதே கணக்கால் திறக்கும் வேறொரு வாயில், அலுவலக அஞ்சல் போன்றது, இருக்குமாயின், ஆண்டுப் புதிய சொல்லைக் கையாலே தட்டிப் பார்க்க. அங்குத் திறந்தால், சொல் சரியானது. குறை பெட்டகத்திலோ பெயரிலோ உள்ளது. அங்கும் திறவாதாயின், பெட்டகத்தைக் குறைகூறுதல் வீண்.

இரண்டாவது, பயனர்பெயரை நோக்குக. அலுவலகக் கணக்காயின், பெயருக்கு முன்னே அவ்வலுவலகக் கணினிக்குழுவின் பெயரும் சாய்கோடும் வருதல் வேண்டும். அது விடுபட்டால், அதே பெயருடைய வேறொரு கணக்காகப் பொருள்கொள்ளப்படுதல் உண்டு. சொல் சரியாயிருந்தும் ஆள் மாறிவிடும்.

மூன்றாவது, சேமித்த பழஞ்சொல்லை நீக்குக. கன்ட்ரோல் பேனலிற் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்னும் பகுதியில், 'டெர்ம்சர்வ்' என்னும் ஆங்கிலக் குறியொடு தொடங்கித் தொலைக்கணினியின் பெயரொடு முடியும் பதிவைக் கண்டு நீக்கிவிடலாம். ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் விரிவுப்பகுதியிலும் அதனைத் திருத்தவோ நீக்கவோ வழியுண்டு. ஒரே கணினி பெயராலும் இலக்க விலாசத்தாலும் இருமுறை பதிவாகியிருத்தல் கூடும், இரண்டனையும் நீக்குக. இடையில் 'கேட்வே' எனப்படும் வாயிற்கணினி ஒன்றிருப்பின், அதற்கெனத் தனியே சேமித்த சொல்லையும் மறவற்க.

நான்காவது, புதிய சொல்லைக் கையாலே தட்டி ஒருமுறை முயல்க. அப்போதும் திறவாதாயின், கணக்குப் பூட்டப்பட்டதோ, சொல்லின் காலவெல்லை கடந்ததோ என நிருவாகியை வினவுக. ஐந்தாவது, கைப்பேசி முதலாய ஏனையவற்றிலும் சொல்லைப் புதுப்பித்து, பழைய அமர்வுகளினின்று முறையாக விடைபெறுக.

நிருவாகிகட்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உதவி நாடி வந்தவரை, 'மறுபடியும் மறந்துவிட்டீரோ' என்று எள்ளி, உடனே வேறொரு சொல்லைப் புதிதாக அமைத்துக் கொடுத்து அனுப்புதல் பல இடங்களில் வழக்கம். இது நோயை ஆராயாது மருந்தை மட்டும் மாற்றுதல் போலும். அன்றியும், புதிதாக அமைத்த சொல் பெட்டகங்களிலுள்ள சொல்லை மேலும் ஒருபடி பழையதாக்கி, மேலே கூறிய சலுகையையும் குறைக்கின்றது. விண்டோஸின் பாதுகாப்புக் குறிப்பேட்டில், மறுக்கப்பட்ட முயற்சி ஒவ்வொன்றும் 4625 என்னும் எண்ணோடு பதியப்படுகின்றது; கணக்குப் பூட்டப்படுதல் 4740 என்னும் எண்ணோடு பதியப்படுகின்றது. பின்னைய பதிவில், அம்முயற்சி எந்தக் கணினியினின்று வந்தது என்னும் பெயரும் உண்டு. அதனை நோக்கினால், பழஞ்சொல்லைக் கூறியது மனிதரோ, அவர் அறியாது மூலையிற் கிடக்கும் இயந்திரமோ என்பது பெரும்பாலும் வெளியாகும். சான்று கையிலிருக்க அதனைப் பாராமலே ஒருவரைக் குற்றவாளியாக்குதல் எவ்வறத்தின்பாற்படும்? பழிக்கப்படுவோருட் பெரும்பாலார் அலுவலகத்திற் கீழ்ப்படியிலிருப்போர். 'யான் அதனைத் தட்டவில்லை' என்று எதிர்மொழி கூறும் துணிவில்லாதார். இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது இயந்திரத்தின் குறை அன்று; இந்த அநீதியே.

இனி வேரினை ஆராய்வோம். சொல் மாறுவதாலன்றோ பழஞ்சொல் உண்டாகின்றது? சொல் ஏன் மாறுகின்றது? பெரும்பாலும், களவு நேர்ந்தமையால் அன்று, நாட்காட்டி ஆணையிடுவதால். கணினிக்குக் கடவுச்சொல் என்னும் வழக்கு, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளுமாறு பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞர் தலைமையில் அமைத்த முறையிற் காணப்பட்டது. அதனைக் குறித்த நாளுக்கொருமுறை மாற்றவேண்டும் என்னும் விதி பின்னர்ப் பரவிற்று. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தரநிலை, தொழில்நுட்பத் தேசிய நிறுவனத்தார் வெளியிட்ட வழிகாட்டி, சிக்கலான குறிகளையும் அடிக்கடி மாற்றுதலையும் போற்றும் வழக்கத்துக்கு வலிமையளித்தது. அப்பகுதியை எழுதிய பில் பர் என்பார், தாம் எழுதியவற்றுட் பலவற்றிற்காக இப்பொழுது வருந்துவதாக 2017-ஆம் ஆண்டிற் செய்தித்தாள் ஒன்றுக்கு வெளிப்படையாகக் கூறினார். பெரியோர்க்கு அது பெருமையே.

அவர் வருந்தியது காரணமின்றி அன்று. வட கரோலினாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2010-ஆம் ஆண்டில், பயன்பாடு நீங்கிய 7,700-க்கு மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அப்பல்கலைக்கழகத்தில் மும்மாதத்துக்கொருமுறை சொல்லை மாற்றவேண்டும் என்பது விதி. முந்திய சொல் தெரிந்திருந்தால், 17 விழுக்காட்டுக் கணக்குகளில் அடுத்த சொல்லை ஐந்து முயற்சிக்குள் ஊகித்துவிடலாம் என்றும், சொற்பட்டியைக் கைப்பற்றித் தனியேயிருந்து முயலுங்கால், 41 விழுக்காட்டுச் சொற்களை ஏறத்தாழ மூன்று விநாடியில் அறிந்துவிடலாம் என்றும் கண்டனர். இதன் காரணம் எளிதே. மாற்றுமாறு வற்புறுத்தப்படுவோர் புதிய சொல்லை உண்டாக்குவதில்லை. பழையதன் ஈற்றில் ஓரெண்ணைக் கூட்டுகின்றனர். மாற்றம் என்னும் பெயர் நிற்க, மாற்றத்தின் பயன் போய்விடுகின்றது. எஞ்சுவது பெட்டகங்களிற் கிடக்கும் பழஞ்சொற்களின் குப்பையே.

பிரிட்டானிய அரசின் இணையப் பாதுகாப்பு வல்லுநர் 2015-ஆம் ஆண்டிலேயே, ஐயம் நேர்ந்தாலன்றி மாற்றுவிக்கவேண்டா என அறிவுறுத்தினர். மேற்கூறிய அமெரிக்க நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில், காலங்குறித்து மாற்றுமாறு பணித்தல் தகாது என்றனர். 2025-ஆம் ஆண்டின் பதிப்பில், அவ்வாறு பணித்தல் கூடாது என்றே விதித்து, களவு நேர்ந்ததற்குச் சான்றிருப்பின் மாற்றியே தீரவேண்டும் எனவும் வரையறுத்தனர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் 2019-ஆம் ஆண்டில், விண்டோஸுக்குத் தாம் பரிந்துரைக்கும் பாதுகாப்பு அமைப்பினின்று கடவுச்சொல்லின் காலவெல்லையை நீக்கிவிட்டனர். இத்தனைக்குப் பின்னும், பழைய விதியை விடாது பற்றி நிற்கும் நிலையங்கள் உள. சேமித்த பழஞ்சொல்லை விடாத பெட்டகத்தை நாம் குறைகூறுகின்றோம். சேமித்த பழவிதியை விடாத நிலையத்தை என்னென்பது?

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். 'மாற்றுமாறு வற்புறுத்தாவிடின், திருடப்பட்ட சொல் என்றென்றும் கள்வர் கையில் இருக்குமே' என்பர். இம்மறுப்பு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. பண அட்டைத் தொழிலார் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்பு விதியின் நான்காம் பதிப்பும், கடவுச்சொல் ஒன்றே சான்றாயிருக்குமிடத்து 90 நாளில் மாற்றுதலை ஒரு வழியாகக் கூறுகின்றது. ஆயினும் அவ்விதியின் நிபந்தனையை நோக்குக. சொல் ஒன்றே காவலாயிருக்குமிடத்தன்றோ அவ்வச்சம்? கைப்பேசி வாயிலாகவோ, தனிக்கருவி வாயிலாகவோ இரண்டாவது சான்றொன்று கேட்கப்படுமாயின், சொல்லைத் திருடியவர் சொல்லை மட்டும் கொண்டு ஒன்றுஞ் செய்யமாட்டார். அன்றியும், சொல்லைத் திருடியவர் 90 நாட்கள் வாளா இருப்பாரோ? அன்றே தம் தீத்தொழிலை முடிப்பார். ஆதலின், காவலை வலிமைப்படுத்துதற்கு ஏற்ற வழி இரண்டாஞ் சான்று, நாட்காட்டி அன்று.

மற்றொரு சாரார், 'சொல்லைச் சேமித்தலே தவறு. ஒவ்வொரு முறையும் தட்டவேண்டும்' என்பர். பொதுக் கணினிகளில் இது முற்றும் உண்மை. நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பலர் கையாளுங் கணினியிற் சேமித்தல், தெருத்திண்ணையிற் சாவியை வைத்துச் செல்வதற்கு ஒப்பாகும். ஆனால் தமக்கே உரிய கணினியிற் சேமிக்கவும் தடைசெய்வோமாயின், மனிதர் எளிதில் நினைவுகொள்ளத்தக்க சிறுசொல்லையே தேர்ந்துகொள்வர். அல்லது ஒட்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பர். நீண்ட சொல்லை ஒருவர் துணிந்து தேர்வதற்குச் சேமிப்பே துணை. ஆகவே, சேமித்தல் குற்றமன்று. மாற்றியபின் சேமித்ததைப் புதுப்பியாமையே குற்றம். அதனினும், புதுப்பிக்கவேண்டும் என அறிவியாமை பெருங்குற்றம்.

அறிவித்தல் எங்ஙனம் என்பதற்குப் பண்டை உரோமர் படைவீடு ஓர் எடுத்துக்காட்டு. கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் அதனை விரித்தெழுதியுள்ளார். அவர் காலத்து உரோமர் நாள்தோறும் மாலையில் அன்றிரவுக்குரிய சொல்லைச் சிறு மரப்பலகையில் எழுதிப் படைத்தலைவர் கையினின்று அனுப்புவர். அப்பலகை கடைக்கோடிப் பிரிவினின்று தொடங்கி, ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் சான்றாளர் முன்னிலையிற் சென்று, இருள் பரவுமுன் தலைவரிடமே மீளும். எல்லாப் பலகைகளும் மீண்டனவாயின், சொல் எல்லார்க்கும் எட்டியது என்பது தெளிவு. ஒன்று மீளாதாயின், எப்பிரிவில் நின்றது என்பதை அதன் குறியைக்கொண்டே அறிந்து விசாரிப்பர். நாள்தோறும் சொல் மாறியும் காவலர் ஒருவரையொருவர் அறியாது மயங்காமைக்கு இதுவே காரணம். அவர்கள் சொல்லை மட்டும் மாற்றவில்லை; மாற்றிய சொல் சென்றுசேர்ந்ததா என்பதையும் ஆராய்ந்தனர்.

நம் நிலையங்கள் முற்பாதியைக் கைக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டன. 'நும் சொல்லை இன்று மாற்றுக' என்னும் ஆணை தவறாது வருகின்றது. 'மாற்றியபின் இன்ன இன்ன இடங்களிற் சேமித்ததையும் புதுப்பிக்க' என்னும் இரண்டு வரி அதனோடு வருவதில்லை. அவ்விரண்டு வரியைச் சேர்த்தற்குப் பொருட்செலவில்லை. புதிய கருவியும் வேண்டா. நம் கல்லூரி உட்பட, கணினிக் கணக்குகளை நடத்தும் ஒவ்வொரு நிலையத்தாரும் செய்யத்தக்கன மூன்று. காலங்குறித்த கட்டாய மாற்றத்தை நீக்கி இரண்டாஞ் சான்றை ஏற்றல் ஒன்று. ஐயம் நேர்ந்து மாற்றுவிக்குங்கால், புதுப்பிக்கவேண்டிய இடங்களை எளிய தமிழில் எழுதி உடன் அனுப்புதல் மற்றொன்று. மறுக்கப்பட்டு வந்தவரைக் கடிந்துகொள்ளுமுன் குறிப்பேட்டை நோக்குதல் மூன்றாவது. மாணவராகிய நாமோ, பொதுக் கணினியிற் சேமியாமையும், சொந்தக் கணினியிற் சேமித்ததை நினைவுகூர்தலும், சாளரத்தை மூடிவிட்டு ஓடாது முறையாக விடைபெறுதலும் பழகிக்கொள்ளலாம்.

இவை மிகச் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஆனால், மறுநாட் காலைக்குள் கணக்கை முடித்தனுப்பவேண்டிய ஓர் எழுத்தருக்கோ, ஆய்வேட்டின் இறுதிநாளன்று தம் கோப்பை அடையமுடியாது நிற்கும் ஒரு மாணவிக்கோ அவை சிறியன அல்ல. கதவு திறவாமையைக் காட்டிலும், 'குற்றம் உன்னுடையதே' என்று கேட்டல் அவர்க்கு மிகுந்த வருத்தம் தரும். சொல்லாத சொல்லுக்கு ஒருவர் விடைகூறுமாறு வற்புறுத்தப்படுதல், நீதிமன்றத்தில் மட்டுமன்றி அலுவலக மேசையிலும் முறைகேடே. அம்முறைகேட்டை நீக்கும் ஆற்றல் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. நிலையங்களை நடத்துவோர் இதனை ஓர்ந்து ஆவன செய்வாராக; இனி அந்நிலையங்களை நடத்தப்போகும் மாணவரும் இதனை மறவாதிருப்பாராக.